ரூட் கேனால் செய்த முன்பல்லுக்கு கேப் கட்டாயமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன், வயது 27. சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட மேல் முன்பல்லுக்கு இரண்டு மாதம் முன்பு ரூட் கேனால் செய்தார்கள். பல் உடையவில்லை, ஆனால் சாம்பல் நிறமாகிவிட்டது. பின்பக்கம் தற்காலிக அடைப்புதான் இருக்கிறது. வேருக்குள் போஸ்ட் என்ற சிறு தண்டு வைத்து கேப் போட்டால்தான் பல் நிற்கும் என்கிறார்கள். சரியா?

பதில்: முதலில் அந்தத் தற்காலிக அடைப்பைப் பார்க்க வேண்டும். அது இரண்டு மூன்று வாரம் தாங்கும் பொருள். இரண்டு மாதத்தில் ஓரம் தேய்ந்து, எச்சிலும் கிருமியும் வேருக்குள் இறங்கக்கூடும். அடைப்பு பெயர்ந்து ஓட்டை திறந்தே கிடந்திருந்தால் ரூட் கேனாலையே திரும்பச் செய்ய வேண்டி வரலாம். ஆகவே புதிய எக்ஸ்ரே எடுத்த பிறகே மற்ற பேச்சு.

கேப் விஷயத்தில், கடைவாய்ப் பல்லுக்கான விதியை உங்கள் முன்பல்லுக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கடைவாய்ப் பல் மென்று அரைக்கும்போது பிளந்துவிடக்கூடும், அதற்கு கேப் அவசியம். முன்பல்லில் போட்டது பின்பக்கத்தில் ஒரு சிறு ஓட்டைதான். பக்கச் சுவர்கள் முழுதாக இருந்தால் கம்பாசிட் எனும் பல் நிற அடைப்பே போதும். கேப் போட முன்புறம் 1 முதல் 1.5 மி.மீ. வரை நல்ல பல்லைச் சீவ வேண்டும். போஸ்ட் பல்லுக்கு பலம் தராது. மேலே பல் மிச்சமில்லாதபோது, கட்டும் பகுதியைப் பிடித்து நிறுத்தத்தான் அது.

நிறத்துக்கு வருவோம். அடிபட்டபோது கசிந்த ரத்தத்தின் கறை, மூலையில் தங்கிய நரம்புத் துணுக்கு, மேலே விட்டுவைத்த வேர் அடைப்புப் பொருள் ஆகியவையே சாம்பல் நிறத்துக்கு வழக்கமான காரணங்கள். இதை உள்ளிருந்தே வெளுக்கலாம். ஈறு விளிம்பிலிருந்து வேர்ப்பக்கமாக 2 மி.மீ. வரை கட்டா பெர்ச்சாவை (வேரை அடைத்த ரப்பர் போன்ற பொருள்) எடுத்துவிட்டு, அதன்மேல் 2 மி.மீ. கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்ட் போட்டு மூட வேண்டும். இந்த மூடியை விட்டுவிட்டால் வெளுக்கும் மருந்து வேரின் கழுத்துக்குக் கசிந்து, வேரே அரிக்கத் தொடங்கலாம். பிறகு அந்த மருந்தான சோடியம் பெர்போரேட் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் ஈர மணல் பதத்துக்குக் குழைத்து உள்ளே வைத்து அடைப்பார்கள். 3 முதல் 7 நாளுக்கு ஒருமுறை மாற்றினால், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு முறையில் பல் வெளுக்கும். அடிபட்ட பல்லாதலால் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்துச் சூடுபடுத்தும் முறை வேண்டவே வேண்டாம். வேர் அரிக்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம்.

வெளுத்த உடனே கம்பாசிட் போட்டால் சரியாக ஒட்டாது, பல்லில் தங்கிய ஆக்சிஜன் தடுக்கும். இரண்டு வாரமாவது விடுங்கள். நிற அட்டையோடு ஒப்பிடுவதை நாற்காலியில் உட்கார்ந்ததுமே, ஜன்னல் வெளிச்சத்தில் முடித்துவிடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் வாய் திறந்திருந்தாலே பல் காய்ந்து கூடுதல் வெள்ளையாகத் தெரியும். அந்த நேரத்தில் தேர்ந்தெடுத்த நிறம் மறுநாள் கண்ணாடியில் தனியாகத் துருத்தும்.

எக்ஸ்ரேயிலோ நேரிலோ பார்க்கும்போது பக்கச் சுவர் இரண்டும் சொத்தையில் போயிருந்தால் அல்லது விரிசல் இருந்தால் கேப்தான் சரி. அதற்கும் ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. நல்ல பல் மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் கேப் அடிக்கடி கழன்று வரும், வேரும் பிளக்கலாம். போஸ்ட் தேவைப்பட்டால் உலோகமல்லாத, நாரிழையால் ஆன ஃபைபர் போஸ்ட் கேளுங்கள், வேர் நுனியில் 4 முதல் 5 மி.மீ. கட்டா பெர்ச்சா இருக்கும்படி. உலோகமும் பீங்கானும் சேர்ந்த கேப், ஈறு இறங்கினால் கருப்புக் கோடு காட்டும். ஒளி ஊடுருவும் பீங்கானிலோ அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரியும், ஆகவே கேப் போட்டாலும் வெளுத்த பிறகே போடுங்கள்.

அடைப்பு போட்ட பிறகு பொங்கல் கரும்பையும் ஆம்பூர் பிரியாணி எலும்பையும் அந்தப் பல்லால் கடிக்க வேண்டாம். ஆறு மாதத்திலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் எக்ஸ்ரே எடுங்கள். ஈறு ஓரத்தில் பல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ, ஈறில் சின்னக் கொப்புளம் வந்தாலோ வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.