கலப்பு என்றால் கலப்படமா?

கேள்வி: மகளைப் பார்க்க இத்தாலி போனபோது ஃபிளாரன்ஸில் கியான்டி கிளாசிகோ என்ற சிவப்பு ஒயின் குடித்தேன். ஒரே புளிப்பு, துவர்ப்பு. பல திராட்சை கலந்தது என்றார்கள். கலப்பு ஒயின் என்றாலே மட்டம்தானா? ஒரு பாட்டில் வேறு வாங்கி வந்துவிட்டேன்!
- கோவை வாசகர்

பதில்: சாப்பாடு வருமுன்பே வெறும் வாயில் குடித்தீர்களா? அப்படியென்றால் தப்பு ஒயின்மேல் இல்லை.

அதில் முக்கால்வாசிக்கு மேல், அதாவது குறைந்தது 80 சதவீதம், சாஞ்சோவேசே திராட்சை. மணம் நன்றாக இருக்கும், ஆனால் ஆள் கொஞ்சம் முரடு. 1872இல் பெத்தினோ ரிக்காசோலி என்ற பிரபு (இத்தாலியின் பிரதமராகவும் இருந்தவர்) ஒரு கடிதத்தில் கணக்கு எழுதினார்: மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சோவேசே, அதன் கடுமையைத் தணிக்க கனாயோலோ, சீக்கிரமே குடிக்கிற ஒயினுக்கு மட்டும் மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. ஒன்றில் இல்லாததை இன்னொன்று தருகிறது, இதில் கலப்படம் எங்கே வந்தது? கூத்து என்னவென்றால், 1967இல் கியான்டி ஒயினுக்கென்று வந்த சட்டம் அந்த 'மட்டும்' என்பதை விட்டுவிட்டு வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கியது, ஒயின் நீர்த்துப்போனது. 1970களில் அந்தினோரி என்ற ஒயின் தயாரிப்புக் குடும்பம் தின்யானெல்லோ என்ற தங்கள் ஒயினில் வெள்ளையைத் தூக்கிவிட்டு கேபர்னே சாவின்யோன் என்ற கறுப்புத் திராட்சையைச் சேர்த்தபோது அதைச் சாதாரண 'மேசை ஒயின்' என்றுதான் விற்க முடிந்தது, இன்று அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கியான்டி கிளாசிகோவிலும் 2006 முதல் வெள்ளைக்கு இடமில்லை. கலக்காத ஒயினும் உண்டு, பரோலோ என்ற இத்தாலிய ஒயின் முழுக்க நெபியோலோ திராட்சைதான், அதன் துவர்ப்புக்கு முன்னால் நீங்கள் குடித்தது பரம சாது.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருவோம். நம் ஊர்ச் சூட்டில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் ஏறும், அதனால் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள், புளிப்புச் செர்ரி வாசனை வரும். ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தாடையோரம் எச்சில் ஊறினால் அது புளிப்பு, வாழைக்காயைக் கடித்த மாதிரி ஈறு வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு. அப்புறம் கொழுப்புள்ள ஆட்டுக்கறி ஒரு துண்டு மென்றுவிட்டு மறுபடி குடியுங்கள், அந்த இழுப்பு பாதியாகிவிடும். ஃபிளாரன்ஸ்காரர்கள் இதைத் தடிமனான மாட்டிறைச்சியோடு குடிப்பதும் அதனால்தான். மிளகாயை மட்டும் குறையுங்கள், காரம் ஏறினால் ஒயின் தொண்டையில் எரியும்.

மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள், மறுநாள் இன்னும் சாதுவாகியிருக்கவும் கூடும்.