பழைய வண்டி வாங்குவோருக்கு: பின் ஆக்சில் கேள்வி-பதில்

2014 பொலேரோ ஒன்று பார்த்திருக்கிறேன். 50 கி.மீ. வேகம் தாண்டினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். 'டயர் சத்தம்தான்' என்கிறார் விற்பவர். நம்பலாமா? (தாராபுரம்)

அவரை நம்ப வேண்டாம், உங்கள் காலை நம்புங்கள். பத்து கி.மீ.யாவது ஓட்டி ஹவுசிங் (பின் ஆக்சிலின் பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்புக் கூடு) சூடான பிறகு சோதியுங்கள். ஆறிக் கெட்டியாக இருக்கும் ஆயில் பாதிச் சத்தத்தை மறைத்துவிடும். ஏ.சி.யை நிறுத்தி, 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதியுங்கள்; பிறகு கியரிலேயே விட்டுக் காலை எடுங்கள். மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்பச் சத்தம் மாறினால் கிரௌன்-பினியனை, அதாவது சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடியைச் சந்தேகியுங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பெரும்பாலும் பல் தேய்மானம். காலை எடுத்ததும் அதிகமானால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே சத்தம் என்றால் டயர் அல்லது சக்கர பேரிங். சாலை மாறும்போது மாறுவது டயர் சத்தம். வலப்பக்கம் வளைக்கையில் கூடினால் இடப்பக்க பேரிங்கைப் பாருங்கள்.

அடுத்து ஜாக்கி. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டக்' என்றால் பேரிங்கில் ஆட்டம். பிறகு சுழற்சியை முன்னாலிருந்து பின் ஆக்சிலுக்குக் கொண்டுவரும் புரப்பல்லர் ஷாஃப்ட்டை இடவலமாகத் திருகுங்கள். ஷாஃப்ட் அசைந்து, அது பினியனோடு சேரும் தட்டான பினியன் ஃபிளாஞ்ச் அசையாவிட்டால் கிராஸ் (ஷாஃப்ட்டின் மூட்டு) தேய்ந்திருக்கிறது. ஃபிளாஞ்சே மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங். கிரௌனுக்கும் பினியனுக்கும் இடையே பல வண்டிகளில் 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். லேசான 'டிக்' சகஜம். ஃபிளாஞ்ச் நன்றாகச் சுழன்று போய் முட்டினால் தேய்மானம். கிரௌனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து செட் செய்யத் தெரிந்த கையும் வேண்டும். அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

2016 ஸ்விஃப்ட். கிரௌன் ஆயில் மாற்றினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (விழுப்புரம்)

ஸ்விஃப்ட்டை இழுப்பது முன்சக்கரம். பின்னால் கிரௌனும் இல்லை, அதற்கு ஆயிலும் இல்லை. பின்சக்கர பேரிங், பின் ஆக்சில் பீமின் ரப்பர் புஷ், டயரின் உள்விளிம்புத் தேய்மானம், இந்த மூன்றையும் பாருங்கள்.

ஜாக்கி போட விற்பவர் சம்மதிக்கவில்லை. வண்டி பார்க்க நன்றாக இருக்கிறது. (ஆம்பூர்)

வாங்காதீர்கள்.

மாருதி ஈகோ வேன் ஒன்று. அடிப்பாகத்தைக் கழுவி, புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? (பல்லாவரம்)

கூடாது. இந்தக் கறுப்புப் பெயின்ட் வியாபாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. ஒரு ஹவுசிங்கின் வரலாறே அதில் படிந்த அழுக்கில் இருக்கிறது. ஆயில் கசியும் இடத்தில் மண் ஒட்டிக் கெட்டியாகும். அதைப் பார்த்தாலே எந்த ஆயில் சீல் போனது, எவ்வளவு நாளாகக் கசிகிறது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். அந்தச் சாட்சியத்தைக் கழுவி, மேலே பூசிவிட்டு அதற்குப் 'பராமரிப்பு' என்று பெயர் வைக்கிறார்கள். நான் வாங்கிய பழைய வேன் ஒன்றில் அந்தப் பெயின்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பே இருந்தது.

ஓட்டிவிட்டு வந்து வெள்ளைத் துணியால் துடையுங்கள்: ஷாஃப்ட் சேரும் பினியன் சீல், இரு சக்கர டிரம்முக்குப் பின்னாலுள்ள தகடுகள், டயரின் உட்பக்கம். ஆக்சில் சீல் கசிந்தால் ஆயில் பிரேக் லைனரில் இறங்கும்; அப்புறம் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். ஹவுசிங் மேலுள்ள பிரீதர் (காற்றுத் துளை) அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, புது சீலும் கசியும். கடைசியாக ஆயில் ஊற்றும் துளையின் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிச் சுண்டுவிரலை விடுங்கள். ஆயில் துளையின் கீழ்விளிம்பு வரை இருக்க வேண்டும். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருக்கலாம். விரலில் உறுத்தும் இரும்புச் சில்லு இருக்கக் கூடாது. பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி. சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களையும் நினைவில் வையுங்கள்: சூடான ஹவுசிங் தண்ணீரில் மூழ்கிக் குளிரும்போது பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

டீலரிடம் இன்னோவா வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. ஆயில் மாற்றியதும் ஊளை. கெட்டி கிரீஸைத் திணித்திருந்தார்கள் என்கிறார் மெக்கானிக். 'விற்றது விற்றதுதான்' என்கிறார் டீலர். (திண்டுக்கல்)

உங்கள் மேல் தவறே இல்லை. இது திட்டமிட்ட ஏமாற்று. உடனே பழுது பார்க்காதீர்கள். வடித்த கிரீஸை பாட்டிலில் மூடி வையுங்கள், பற்களைப் படமெடுங்கள், மெக்கானிக்கிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். டீலருக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

இரவில் பார்த்து, ஓட்டாமலே முழுப்பணம் கொடுத்து ஒரு சுமோ வாங்கிவிட்டேன். ரிவர்ஸ் போட்டால் பின்னால் 'டக்' என்கிறது. (சேலம்)

ஓட்டிப் பார்க்காத வண்டிக்கு முழுப்பணமா? இனியாவது பகலில் போங்கள். முதலில் கிராஸ், அடுத்து ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட், சென்டர் போல்ட். சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்சில் நகரும்: முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். இவை சரியாக இருந்தால் மட்டும் ஹவுசிங்கைத் திறக்கச் சொல்லுங்கள்.