அரசின் உயர் பதவிகளுக்கு வந்த பெண்களில் உங்கள் மனதில் நின்றவர் யார், ஏன்?

எனக்கு சி. பி. முத்தம்மாதான். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். ஆனால் உள்ளே போன பிறகு அவர் விடாமல் போட்ட சண்டைக்காகத்தான் அவரைச் சொல்கிறேன்.

குடகில் விராஜ்பேட்டையில் 1924-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார், நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தது அம்மா. முத்தம்மா கல்லூரிப் படிப்பு படித்தது நம் சென்னையில், எம்.ஏ. மாநிலக் கல்லூரியில். 1949-ல் பணியில் சேர்ந்தார். நேர்முகத் தேர்வில் தேர்வாணையத் தலைவரே இந்த வேலை வேண்டாம் என்று மனதை மாற்றப் பார்த்ததாகவும், கேட்காததால் குறைந்தபட்ச மார்க்தான் கிடைத்ததாகவும் பிற்பாடு தன் மனுவில் சொல்லியிருக்கிறார். போதாததற்கு, கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்கிறேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டியிருந்தது.

1961-ல் வந்த வெளியுறவுப் பணி நடத்தை விதிகளில் விதி 8(2) அதையே சட்டமாக்கியது. பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன்னால் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், கல்யாணமான பிறகும் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசுக்குத் தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இப்படி ஒரு வரி கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு நடந்த ஒரு இன்டர்வியூ ஞாபகம் வந்தது. என் சான்றிதழ் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை, "வீட்ல மாப்பிள்ளை பார்க்கிறாங்களாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

முத்தம்மா சமாளித்துவிட்டுப் போகவில்லை. 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனவர், அப்புறம் கானாவிலும் தூதர், அப்படிப்பட்டவருக்கு கிரேடு 1 என்ற மேல்நிலைக்குப் பதவி உயர்வு வரவேண்டியபோது தகுதி போதாது என்று ஒதுக்கினார்கள். பணியில் இருந்துகொண்டே அரசின் மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். விசாரணைக்கு வருவதற்குள் பதவி உயர்வு வந்துவிட்டது! நெதர்லாந்துக்குத் தூதராகவும் அனுப்பினார்கள். கல்யாணமான பெண்ணுக்கு நியமனம் கேட்கும் உரிமை இல்லை என்ற 18(4) விதியை 1973-லேயே எடுத்துவிட்டோம், 8(2)-ஐயும் எடுக்கப் போகிறோம் என்று அரசு சொன்னது.

சரி, கேட்டது கிடைத்துவிட்டது என்று வழக்கை மூடியிருக்கலாம். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அப்படி மூடவில்லை. கல்யாணத்தால் வேலை கெடும் என்றால் ஆணுக்கும் அதே ஆபத்து இருக்கிறதே என்று 1979 தீர்ப்பில் கேட்டார், முத்தம்மாவின் சீனியாரிட்டியை மறுபடி பார்க்கச் சொன்னார், எல்லாப் பணி விதிகளிலும் இந்தப் பாகுபாட்டை நீக்கச் சொன்னார். மனுவைத்தான் தள்ளுபடி செய்கிறோம், பிரச்சினையை அல்ல என்று எழுதினார்.

1982-ல் ஓய்வு பெற்ற முத்தம்மா, கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமலே 2009 அக்டோபரில் பெங்களூரில் இறந்தார். அன்றைக்கு இந்தியாவின் வெளியுறவுச் செயலாளர் நிருபமா ராவ். கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, பணியில் சேர்ந்தது 1973-ல்.