மறு: ஆஸ்துமாவுக்கும் சிறுநீர்ப்பை வலிக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

இருக்கிறது, உங்கள் கற்பனை இல்லை. ஆஸ்துமா, அலர்ஜி உள்ள பெண்களிடம் இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்ற நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி கூடுதலாகவே காணப்படுகிறது. ஆனால் ஒன்றினால்தான் மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாது.

சிறுநீர்க் கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) எடுத்ததில் கிருமி இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை, சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலித்து, சிறுநீர் போனதும் குறைகிறது என்கிறீர்கள். 6 வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆஸ்துமாவோடு சம்பந்தம் வரக் காரணம் மாஸ்ட் செல்கள் என்ற அலர்ஜி செல்களாக இருக்கலாம்: மூச்சுக்குழாயில் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கக்கி இழுப்பைக் கிளப்புகிற அதே செல்கள் சிறுநீர்ப்பைச் சுவரிலும் உண்டு, இந்த வலி உள்ள சிலருக்கு அங்கே அவை அதிகமாகவே இருக்கும்.

மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், அளவுக் கோப்பையில் எத்தனை மில்லி, வலி பத்துக்கு எவ்வளவு, என்ன சாப்பிட்டீர்கள், அன்றைக்கு இழுப்பு இருந்ததா. கோப்பி, தே தாரிக் (பால் டீ), அசாம் லக்சா (புளிப்பு மீன் நூடுல்ஸ்), சம்பால் (மிளகாய் விழுது) இதெல்லாம் பலருக்குத் தூண்டும், எல்லாருக்கும் இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுப் பட்டினி கிடக்காமல் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அப்புறம் அந்த நோட்டோடு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு கிளினிக்கில்) யூராலஜிக்கு, அதாவது சிறுநீர்ப் பாதைப் பிரிவுக்கு, ருஜுக்கான் (பரிந்துரை) கடிதம் கேளுங்கள், பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவே கூடாது. டியோட்ரோப்பியம் மாதிரி மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இன்ஹேலரில் இழுத்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது சிலருக்குச் சிறுநீரை அடைக்கும். ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல், முதுகுவலி வந்தாலோ நோட்டெல்லாம் வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.