எகனாமிக்ஸ் படித்தால் சோறு போடுமா?

அம்மா, நேற்று பெரம்பூரிலிருந்து வந்து நீங்கள் கேட்ட கேள்வி இதுதான். பதிலை உங்கள் மகன் நோட்டிலேயே பார்த்தேன். உங்கள் டிபன் கடைக்கு உணவு டெலிவரி ஆப்பில் வந்த ஓர் ஆர்டரை அவன் பிரித்து எழுதியிருக்கிறான்: பில் 200 ரூபாய். கமிஷன் 50, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9, ஆஃபரில் கடையின் பங்கு 20. கைக்கு வருவது 121. பக்கத்திலேயே, "அப்புறம் ஏன் அம்மா ஆப்பை விட்டு வெளியே வர முடியவில்லை?" என்று ஒரு கேள்வி.

பிளஸ் டூ பையன் கேட்கிற கேள்வியா இது! எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

சாப்பிடுகிறவர் ஆப்புக்கு வருவது அங்கே கடைகள் நிறைய இருப்பதால். கடைக்காரர் வருவது அங்கே வாடிக்கையாளர் இருப்பதால். யாரை இழுப்பது கஷ்டமோ அவருக்குச் சலுகை. விட்டுப்போக முடியாதவரிடம் வசூல். இந்த இருபக்கச் சந்தையை ஆராய்ந்தவர்களில் ஒருவரான ழான் திரோலுக்கு 2014-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. பெரிய நிறுவனங்களின் சந்தை பலத்தையும் அதைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் ஆராய்ந்ததற்கான பரிசு அது.

வேலை எங்கே என்றீர்கள். கமிஷன் எவ்வளவு, ஆஃபர் யாருக்கு, மாதச் சந்தா என்ன விலை என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். நம் ஊரில் வளர்ந்த ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் இரண்டும் சந்தாவில் சம்பாதிப்பவை. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010-ல் தொடங்கி 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. புரோகிராம் எழுதுகிறவர்களோடு விலைக் கணக்குப் போடுகிறவர்களும் அங்கே தேவை. ஆனால் வெறும் பி.ஏ. பட்டம் போதாது; அதை மறைக்க மாட்டேன். புள்ளியியல், தரவுகளைத் தேடி எடுக்கும் கணினி மொழியான எஸ்க்யூஎல், எக்ஸெல் கைவர வேண்டும். பிறகு கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் எம்.ஏ.வுக்கு முயலட்டும். பட்டப்படிப்போடு சேர்த்தே ஐஐடி மெட்ராஸின் இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்பையும் படிக்கலாம். அதற்கு ஜேஇஇ நுழைவுத்தேர்வு கட்டாயமில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை கணக்கு. அரையாண்டில் 61 என்றீர்கள். டியூஷன் அதற்குத்தான் வேண்டும். கோடிங் வகுப்புக்குக் கட்டிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.