ஊசியும் காற்றும்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் சுவிற்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கத்துப் பட்டறை ஒன்றில் 9 வருடம் பராகிளைடர்களை, அதாவது மலைச் சரிவில் ஓடிக் கிளம்பிப் பறக்கும் துணிச் செட்டைகளை, சோதித்துத் தைத்தவர். இப்போது கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருக்கிறார்.)

கேள்வி: சூரிச் மாமா விடுமுறைக்கு வந்தபோது தன்னுடைய பழைய பராகிளைடரை எனக்கே தந்துவிட்டுப் போனார். செட்டையின் உள்ளே தைத்திருக்கும் துண்டில் 2003, டி.எச்.வி 1-2, 85–105 கிலோ என்று இருக்கிறது. கையேட்டில் பரப்பு 28 சதுர மீற்றர், புரொஜெக்டட் பரப்பு 24, அகலம் 11.8 மீற்றர், கிளைட் 8. என் நிறை 82 கிலோதான். 3 கிலோ குறைகிறதே, பறக்கலாமா? மாமா வைபரில் சொல்லித் தருவதாகச் சொல்கிறார். - வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, நிறையில் உங்களுக்குக் குறைவே இல்லை. அந்த 85–105 என்பது வெறும் ஆளின் நிறை அல்ல, நிலத்தை விட்டுக் கிளம்பும் எல்லாவற்றினதும் நிறை. உங்கள் 82, செட்டை ஒரு 6.5, அவசரத்துக்கு வைக்கும் ரிசேர்வ் பராசூட்டோடு, நீங்கள் உட்காரும் ஹாணஸ் ஒரு 8, சப்பாத்து, ஹெல்மெட், உடுப்பு எல்லாம் ஒரு 4. கூட்டினால் 100.5. மேல் எல்லைக்குக் கிட்ட நிற்கிறீர்கள். நிறை கூடினால் வேகம் கூடும், செட்டை இறுக்கமாக நிற்கும், திருப்பத்தில் துடிப்பாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில பழைய கையேடுகளில் ஆளின் நிறையை மட்டும் போட்டிருப்பார்கள். எது என்று பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

28 என்பது துணியை நிலத்தில் விரித்து அளந்தது. பறக்கும்போது செட்டை வில்லாக வளையும். உச்சி வெயிலில் அது நிலத்தில் போடும் நிழலை அளந்தால் வருவது 24. அகலத்தை அகலத்தால் பெருக்கிப் பரப்பால் பிரித்தால் அஸ்பெக்ட் ரேஷியோ. உங்களுடையது ஏறக்குறைய 5. இது கூடக் கூடச் செட்டை ஒல்லியாக நீளும், தூரம் போகும், காற்றில் மடங்கிக் குழம்பினால் மோசமாகவும் குழம்பும். கிளைட் 8 என்றால் காற்றில்லாத வேளையில் 1000 மீற்றர் உயரம் இறங்குவதற்குள் 8 கிலோமீற்றர் முன்னே போகும். காலிமுகத்திடலுக்கு மேலே விட்டால் தெகிவளைப் பக்கம் வந்து இறங்கலாம், கணக்குக்குச் சொல்கிறேன்.

டி.எச்.வி என்பது ஜெர்மன் பறப்போர் சங்கம். 1, 1-2, 2, 2-3, 3 என்று தரம் வைத்தார்கள். 1 சாது, 3 முரடு. அதே காலத்தில் பிரெஞ்சுப் பக்கம் அஃப்னோர் தரத்தில் ஸ்டாண்டர்ட், பெர்ஃபோமன்ஸ், கொம்பெடிஷன். இப்போது ஐரோப்பிய ஈ.என் தரத்தில் ஏ, பி, சி, டி. உங்கள் 1-2 கிட்டத்தட்ட பி மாதிரி என்பார்கள். அந்தக் "கிட்டத்தட்ட"வை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சோதித்த முறையே வேறு.

இவ்வளவும் 2003இல் புதிதாகப் பெட்டியால் எடுத்த செட்டையைப் பற்றிய கதை. உங்கள் அலுமாரிக்கு மேல் இருப்பது அதே செட்டை இல்லை.

பட்டறைக்கு ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். ஓடினால் செட்டை சோம்பலாக எழும்புகிறதாம், தலைக்கு மேல் வராமல் முதுகுக்குப் பின்னால் நிற்கிறதாம். துணியைப் பார்த்தேன், குறை இல்லை. கயிறுகளை 5 கிலோ இழுவையில் ஒவ்வொன்றாக அளந்தால், கடைசி வரிசைக் கயிறுகள் 4 சென்ரிமீற்றர் கட்டை. காரணம் எளிது. பழைய செட்டைகளில் முன்னாலிருந்து ஏ, பி, சி, டி என்று நான்கு வரிசைக் கயிறு. பாரம் கூடுதலாக ஏயிலும் பியிலும்தான் தொங்கும், அவை நீளும். பின்னால் உள்ள டைனீமா என்ற செயற்கை நார்க் கயிறுகளில் பாரம் இல்லை, ஈரப்பட்டுக் காய்ந்து சுருங்கும். பின்விளிம்பு எப்போதும் கீழே இழுபட்டபடி இருக்கும். பாதி பிறேக் பிடித்தபடி ஓடுகிற சைக்கிள் மாதிரி. அதோடு துணியும் காற்று விடத் தொடங்கினால் செட்டை முன்னே பறப்பதை மறந்து, பராசூட் போல நேரே கீழே இறங்கும். அப்படி இறங்கியவரின் கணுக்காலை நான் பார்த்திருக்கிறேன்.

துணிக்கு ஒரு சின்னக் கருவி உண்டு. கால் லீற்றர் காற்றுத் துணியூடாகப் போக எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்ப்போம். புதுத் துணி 200 செக்கனுக்கு மேல் பிடிக்கும். 10க்குக் கீழே வந்தால் எங்கள் மேசையிலிருந்து அந்தச் செட்டை திரும்ப வானத்துக்குப் போகாது. நைலோன் துணியின் மேல் உள்ள பொலியூரிதேன் பூச்சுத்தான் காற்றைத் தடுக்கிறது. அதைத் தின்பது வெயில், உப்பு, புழுக்கம். மூன்றும் வெள்ளவத்தையில் தாராளம்.

ஆகவே மாமாவிடம் கேட்க வேண்டியது ஒன்றே: கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அந்தத் தாள் எங்கே? தாள் இல்லையென்றால் பறப்பு இல்லை. ரிசேர்வ் பராசூட்டும் அந்தக் காலத்தது என்றால் அதையும் ஒதுக்குங்கள். வைபரில் பறக்கப் பழகுவதும் தபாலில் நீச்சல் பழகுவதும் ஒன்றுதான். மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: முதன்முதல் பராகிளைடர்கள் எப்படி இருந்தன? - மாணவி, வத்தளை

பதில்: பராகிளைடரே இல்லை, பிள்ளை, விமானத்திலிருந்து குதிக்கிற சதுரப் பராசூட்தான். 1978இல் பிரான்சின் மியெஸ்ஸி என்ற மலையூரில் மூன்று நண்பர்கள், சரிவில் ஓடியே அதை ஊதவைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். பெத்தாம் என்பவர் முதலில் ஓடி 100 மீற்றர் பறந்தார். அடுத்து ஓடிய போன் என்பவர், 1000 மீற்றர் கீழே பள்ளத்தாக்கில் இருந்த உதைபந்தாட்ட மைதானத்திலேயே போய் இறங்கினார். அந்தத் துணிகளின் கிளைட் 3 அளவுதான். மேலே சொன்ன காலிமுகத்திடல் கணக்கில் பம்பலப்பிட்டிக்கு வருவதே சந்தேகம். செட்டைக்குள் காற்று நிரம்பும் அறைகள் குறைவு, அகலம் குறைவு, கயிறு தடிப்பு. ஆனால் மடங்கிக் குழப்புவது குறைவு. கெட்டிக்காரத்தனம் கூடக் கூடக் குணமும் கூடியது, செட்டைக்கும்.

கேள்வி: மணம் வருகிறது என்று அம்மா பராகிளைடரைச் சவர்க்காரத் தூள் போட்டு மெஷினில் துவைத்துவிட்டார். கெட்டுவிட்டதா? - பெயர் வேண்டாம், தெமட்டகொட

பதில்: கெட்டுவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: காலிமுகத்திடலில் கயிறு கட்டி ஏறிப் பார்க்கலாமா? - வாசகர், மருதானை

பதில்: கூடாது. கடற்காற்று திடீரென உரக்கும், பின்னால் காலி வீதியும் மாடிக் கட்டடங்களும். பட்டம் விடும் பிள்ளைகளின் நூல் வேறு. நாட்டில் எங்கே பறக்க நினைத்தாலும் முதலில் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் கேளுங்கள்.

கேள்வி: பறக்க உதவாத செட்டையை என்ன செய்வது? - வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கடைக்குக் கொண்டுவாங்கோ அக்கா. 28 சதுர மீற்றரில் சந்தைப் பைகள், மழைக்குச் சைக்கிள் உறை, பிள்ளைகளுக்குப் பெரிய பட்டம் எல்லாம் தைக்கலாம். துணி கிழிந்தாலும் கட்டத்தோடு நிற்கும், ஓடாது. ஆனால் வீட்டை விட்டு எடுக்க முதல் எல்லாக் கயிறுகளையும், அவை வந்து சேரும் றைசர் பட்டியோடு வெட்டிவிடுங்கள். போன வருடம் பழைய சாமான்காரன் தள்ளுவண்டியில் முழுசாக ஒன்று கிடக்கக் கண்டேன். விலை பேசிக்கொண்டிருந்த பெடியன் என்னைப் பார்த்து, "அண்ணை, இது எவ்வளவு பாரம் தாங்கும்?" என்று கேட்டான்.