குடும்ப வரலாற்றுக்காக உறவினர்களைப் பேட்டி எடுப்பது என்றால் என்ன, எப்படி எடுப்பது?

வீட்டுப் பெரியவர்களுடன் உட்கார்ந்து, அவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்டுப் பதிவு செய்வதுதான் இது. சான்றிதழும் பத்திரமும் பெயர், தேதியோடு நின்றுவிடும். ஏன் ஊர் மாறினார்கள், அண்ணன் தம்பி ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் மனிதர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போச்சு.

"உங்க கதையைச் சொல்லுங்க" என்றால், "என்னத்தைச் சொல்ல?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதைவிட, பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்த ஓரத்தில் நிற்பது யார்?" என்று கேளுங்கள். நினைவு நூல்கண்டு மாதிரி, நுனி கிடைத்தால் மீதி தானே உருண்டு வரும். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். அப்புறம், ஒலிப்பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.

பெரியவர் சொன்னால் அப்படியே சரி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். வருடங்கள் நினைவில் எளிதில் குழம்பும் என்பதால் இன்னொரு உறவினரிடமும் ஆவணங்களிலும் சரிபாருங்கள்.